யாசுகுனியில் ஒரு சி56

டோக்கியோவில் குடான்ஷித்தா மெட்ரோ நிலையத்தில் இறங்கி மேட்டில் கொஞ்ச தூரம் ஏறினால் யாசுகுனி ஆலயம். அங்கேயே யூஷூகன் என்ற போர் அருங்காட்சியகம் இருக்கிறது. முன்கூடம் வரைக்கும் போக டிக்கெட் வேண்டாம். ஒரு ஜீரோ போர் விமானம், அப்புறம் கறுப்பாகப் பளபளக்கும் நீராவி எஞ்சின் ஒன்று: சி56 வகையில் 31ஆம் எண்.

சின்ன எஞ்சின்தான். கிளைப் பாதைகளுக்காக 1935 முதல் 1939 வரை ஜப்பான் ரயில்வே வாங்கிய 160இல் ஒன்று. பின்னால் போய், கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டர் பெட்டியைப் பார்த்தேன். மேல்பகுதி இரண்டு பக்கமும் சீவிவிட்டதுபோல் ஒடுங்கியிருந்தது. கடைசி ஸ்டேஷனில் எஞ்சினைத் திருப்பி நிறுத்தும் சுழல்மேடை (டர்ன்டேபிள்) இல்லாவிட்டால் எஞ்சின் பின்பக்கமாகவே ஓடித் திரும்ப வேண்டும். ஓட்டுநருக்குத் தண்டவாளம் தெரிய வேண்டுமே!

எடை குறைவு என்பதால் ராணுவத்துக்கும் பிடித்துப்போனது. 1 முதல் 90 வரையான எஞ்சின்களை 1,067 மில்லிமீட்டர் கேஜிலிருந்து மீட்டர் கேஜுக்கு மாற்றித் தென்கிழக்காசியாவுக்குக் கப்பலேற்றினார்கள். தாய்லாந்திலிருந்து (அன்றைய சயாம்) பர்மாவுக்கு ஜப்பான் ராணுவம் போட்ட சயாம்–பர்மா ரயில் பாதையின் திறப்பு விழாவில், 1943 அக்டோபரில், ஓடியது இந்த 31தான்.

மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் ஆயிரமாயிரமாய்ச் செத்து விழுந்த பாதை அது. நேச நாட்டுப் போர்க்கைதிகளிலும் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். கைதிகளுக்காவது தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு அதுவும் கிடையாது. எஞ்சினை அருமையாகப் பராமரிக்கிறார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் ஜப்பானுக்காக உயிர்விட்டவர்களை வழிபடும் ஆலயம் இது. பாதை போட்டுச் செத்தவர்களுக்கு இங்கே என்ன இடம்?

போருக்குப் பின் தாய்லாந்தில் ஓடிக்கொண்டிருந்தவற்றில் இரண்டு 1979இல் ஊர் திரும்பின. 31ஐ முன்னாள் ராணுவ ரயில் படையினர் பணம் திரட்டிக் கொண்டுவந்தார்கள். 44, ஷிசுவோக்கா பக்கம் ஓய்காவா ரயில்வேயில் மறுபடி ஓடியது. பிறகு அதற்குச் சிவப்புச் சாயம் பூசி, முகமும் ஒட்டி, தாமஸ் என்ற சிறுவர் ரயில் கதையில் வரும் ஜேம்ஸ் எஞ்சின் ஆக்கிவிட்டார்கள்! பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

ஓய்காவாவில் என் வண்டியை இழுத்தது வேறு எஞ்சின். பழைய பெட்டி, திறந்த ஜன்னல், சட்டையெல்லாம் கரித்தூள். 2022 புயலில் பாதை சேதமானதால் வண்டி முழுத் தூரம் போகவில்லை.

சி56 பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு என் யோசனை தாய்லாந்துதான். அங்கே ரயில்வே 713, 719 என்று தன் எண் கொடுத்த இரண்டு சி56 எஞ்சின்களைப் பாதுகாத்து, விசேஷ நாட்களில் ஓட்டியும் இருக்கிறது. காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தையும் அதே பயணத்தில் பார்த்துவிடலாம்.