லேசர் கண் சிகிச்சை: ஒரு தாளில் போட்ட கணக்கு

ஏழாம் வகுப்பில் கண்ணாடி போட்டேன். இருபத்தேழு வயதில் இரண்டு கண்ணுக்கும் மைனஸ் ஆறு. காலையில் விழித்ததும் தலையணை ஓரத்தில் கண்ணாடியைத் துழாவும் வாழ்க்கை போதும் என்றுதான் லேசருக்குக் கிளம்பினேன்.

முதலில் போன இடத்தில் அரைமணி நேரத்தில் எல்லாம் பார்த்து, "லாசிக் பண்ணிடலாம், ரெண்டு நாள்ல வேலைக்குப் போகலாம்" என்று தேதியும் கொடுத்துவிட்டார்கள். நான் தினமும் காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவள். அதை யாரும் கேட்கவே இல்லை. லென்ஸ் கருவிழியின் வடிவத்தைக் கொஞ்சம் மாற்றி வைத்திருக்கும், அந்த நிலையில் எடுக்கிற அளவை நம்ப முடியாது என்பது எனக்கு அப்போது தெரியாது. இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் அதைத்தான் முதலில் கேட்டார். "ரெண்டு வாரம் லென்ஸ் போடாம வாங்கம்மா" என்று அனுப்பிவிட்டார்.

திரும்பப் போனபோது ஒரு தாளை எடுத்து எழுதிக் காட்டினார். என் கருவிழியின் தடிமன் 490 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). பலருக்கும் 540 பக்கம் இருக்குமாம். லாசிக்கில் மேலே மூடிபோல ஒரு படலம் வெட்டுவார்கள், அதற்கு 110. பிறகு பவரைப் போக்க லேசர் கருவிழியைச் செதுக்கும், அதற்கு ஒரு பவருக்குச் சுமார் 15 வீதம் ஆறு பவருக்கு 90. மிச்சம் 290. "250-க்குக் கீழ போகக்கூடாது, நாம போகல. ஆனா மொத்தத்துல நாப்பது சதவீதத்துக்கு மேல கை வைக்கிறோம். கருவிழி வலுவிழந்து பின்னாடி முன்பக்கமா பிதுங்கிட்டா கஷ்டம்" என்றார். படலம் வெட்டாமல் மேலாகவே செதுக்கும் பிஆர்கே என்ற முறையில் செய்யலாம், ஆனால் வலியும் காத்திருப்பும் அதிகம் என்றார். செதுக்கின சதை திரும்ப வளராது. அந்தத் தாளைப் பார்த்தபின் பிஆர்கே தவிர எனக்கு வேறு யோசனை வரவில்லை.

நாற்பதைத் தாண்டினால் படிக்கக் கண்ணாடி வரும் என்பதையும், பவர் போனாலும் விழித்திரையை ஆண்டுதோறும் காட்ட வேண்டும் என்பதையும் அன்றே சொல்லிவிட்டார்.

சிகிச்சை அன்று மரத்துப்போக சொட்டு மருந்து, இமை மூடாமலிருக்க ஒரு கிளிப். மேலே தெரிந்த பச்சை விளக்கையே பார்க்கச் சொன்னார்கள். டிக் டிக் என்று சத்தம், முடி பொசுங்குவதுபோல் ஒரு வாடை. பயந்துபோனேன். உண்மையில் அங்கே எதுவும் தீய்வதில்லை. புற ஊதா லேசர் சுற்றிலும் சூடு பரவாமல் திசுவை மட்டும் நுணுக்கமாக அகற்றுகிறது. 1981-இல் அமெரிக்கக் கணினி நிறுவனமான ஐபிஎம்மின் ஆய்வகத்தில் இதைக் கண்டறிந்தவர்களில் ஒருவர் ரங்கசாமி சீனிவாசன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். எனக்கு ஒரு கண்ணுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அப்புறம் இரண்டு ராத்திரி கண்ணில் மிளகாய் பட்டதுபோல் எரிச்சல். அம்மா விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு வேளாவேளைக்குச் சொட்டு விட்டார். புண் ஆறும்வரை கண்ணில் வைத்திருந்த பாதுகாப்பு லென்ஸை ஐந்தாம் நாள் எடுத்தார்கள். அப்போதும் மங்கல்தான், பஸ் போர்டு தெளிய ஒரு மாதம் ஆனது.

எட்டு மாதம் ஆகிறது. ஏசியில் உட்கார்ந்தால் கண் உலர்கிறது, சொட்டு மருந்து கைப்பையிலேயே இருக்கிறது. ராத்திரியில் எதிரே வரும் லாரி விளக்கைச் சுற்றி மெல்லிய வளையம் தெரிகிறது. முன்பே சொல்லியிருந்ததால் பதறவில்லை.

இப்போது தம்பியும் பரிசோதனைக்குப் போகிறான். லென்ஸைக் கழற்றி இன்றோடு ஒன்பது நாள்.