ஹாலிவுட் புலிவார்டில் குனிந்த தலையோடு இரண்டு கிலோமீட்டர்

லாஸ் ஏஞ்சலஸ் போகிறவர்கள் ஹாலிவுட்டில் கலைஞர்களின் பெயரோடு நட்சத்திரங்கள் பதித்த நடைபாதையில் நாலு படம் எடுத்துக்கொண்டு "இவ்வளவுதானா?" என்று திரும்பிவிடுகிறார்கள். பெயரை மட்டும் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். பெயருக்குக் கீழே வட்டத்துக்குள் இருக்கும் சின்னப் பித்தளைச் சின்னத்தைப் பார்க்க வேண்டும். கேமரா என்றால் சினிமா, பெட்டி என்றால் டிவி, மைக் என்றால் ரேடியோ, இசைத்தட்டு என்றால் பாட்டு, முகமூடி என்றால் மேடை. ஒரு நடிகருக்கு எங்கே சோறு கிடைத்தது என்பதை அது சொல்லிவிடும்.

யூனியன் ஸ்டேஷனில் மெட்ரோ பி லைன் ஏறி ஹாலிவுட்/ஹைலேண்டில் இறங்குங்கள். கட்டணம் 1.75 டாலர், டாப் கார்டு என்ற பயண அட்டைக்குத் தனியாக 2 டாலர். ஆஸ்கர் விழா நாளில் இந்த ஸ்டேஷனில் ரயில் நிற்காது. அதற்குச் சில நாள் முன்பிருந்தே சாலையையும் அடைத்துவிடுவார்கள், அந்த வாரத்தைத் தவிர்ப்பது நல்லது.

மேலே வந்ததும் கிழக்கே நடக்க வேண்டும். கதவு எண் குறைந்துகொண்டே போகும். ஒற்றைப்படை வடக்குப் பக்கம், இரட்டைப்படை தெற்குப் பக்கம். இதைத் தெரிந்துகொள்ளாமல் போனால் ஒரே நட்சத்திரத்துக்காக நாலு முறை சாலையைக் கடக்க நேரும். காலை எட்டு, ஒன்பது மணிக்கே போய்விடுங்கள். உச்சி வெயிலில் மொசைக் மாதிரி வழவழப்பான டெரஸோ தரை பளபளத்துப் படத்தில் பெயரே விழாது, கூட்டத்தில் கால்கள்தான் விழும். சூப்பர்மேன் வேடக்காரரோடு படம் எடுத்தால் காசு கேட்பார். சும்மா தருவதாகச் சொல்லி யாராவது சிடியை நீட்டினால் கையில் வாங்கவே வாங்காதீர்கள்.

ஹாரிசன் ஃபோர்டு பெயரில் இரண்டு நட்சத்திரங்கள் உண்டு. 6801இல் இருப்பவர் நமக்குத் தெரிந்த 'இண்டியானா ஜோன்ஸ்' நாயகர். 6665இல், மஸ்ஸோ அண்ட் ஃபிராங்க் உணவகத்தின் வாசலில் இருப்பவர் மௌனப்பட நாயகர். பேசும்படம் வந்தபின் ஒரே ஒரு படத்தோடு சினிமாவை விட்டுவிட்டார். இரண்டிலும் அதே கேமரா சின்னம்தான். ஆள் மாறிப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் நிறைய.

6374இல் பிற்பாடு அமெரிக்க அதிபரான ரொனால்ட் ரீகன். ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தவர், ஆனால் சின்னம் டிவி பெட்டி! பட வாய்ப்பு வற்றிய காலத்தில், 1954 முதல் 1962 வரை ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் வாராந்திர நாடகத் தொடரைத் தொகுத்து வழங்கியவர் அவர். அரசியலுக்குப் போகும் முன்பே வீடு வீடாக முகம் பதிந்தது அங்கேதான்.

வைன் தெருவைத் தாண்டி 6251இல் வெறும் 'சாபு'. மைசூர்ப் பக்கம் 1924இல் பிறந்த மாவுத்தர் மகன். யானைப் படத்தில் சிறுவனாக நடித்துப் பெயர் வாங்கி, பிறகு அமெரிக்கக் குடிமகனாகி, இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சு விமானத்தின் வால் பக்கத் துப்பாக்கி வீரராகப் பறந்தார். போருக்குப்பின் நல்ல வேடங்கள் குறைந்தன. 1963இல், 39 வயதில் இறந்தார். இந்த இடத்தில் கூட்டமே இருக்காது, நின்று பார்க்கலாம்.

கடைசியாக கோவர் தெரு முனையில், 6100இல், டிவி நகைச்சுவை நடிகை லூசில் பால். சினிமாவுக்கான நட்சத்திரம் 6436இல் இருக்கிறது, இது டிவிக்கானது. கால் வலிக்கவில்லை என்றால் கோவர் தெருவிலேயே தெற்கே இன்னும் இரண்டு கிலோமீட்டர் நடந்து மெல்ரோஸ் முனைக்குப் போங்கள். கட்டட உச்சியில் ஒரு பெரிய பூமி உருண்டை தெரியும், பழைய ஆர்.கே.ஓ. ஸ்டூடியோவின் அடையாளம். லூசில் பால் அங்கே ஒப்பந்த நடிகையாகச் சம்பளம் வாங்கியவர். டிவியில் சம்பாதித்த பிறகு, 1957இல் அவரும் கணவர் டெசி அர்னாஸும் நடத்திய கம்பெனி அந்த ஸ்டூடியோவையே விலைக்கு வாங்கியது. இன்று அந்த இடம் பாராமவுண்டின் வளாகத்துக்குள் இருக்கிறது. உருண்டையைத் தெருவிலிருந்தே பார்க்கலாம், டிக்கெட் கிடையாது.