கான்கார்டின் ஐட்லிங்: மூன்று வாரம் படுத்திய இரண்டு பித்தளைக் குழாய்கள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிவப்பு சிக்னலில் என் பழைய கார் கான்கார்டு நின்றது. இன்ஜின் நிற்கவில்லை; ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காத சும்மா ஓட்டத்தில், அணையவில்லை. பச்சை விழும்வரை ஸ்டீயரிங் அதிராமல், விளக்கு மங்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. மூன்று வாரமாக இதை எழுதத்தான் காத்திருந்தேன்.

வண்டி 1982 ஏஎம்சி (அமெரிக்கன் மோட்டார்ஸ்) கான்கார்டு வேகன். 258 கன அங்குல ஆறு சிலிண்டர், அதாவது 4.2 லிட்டர், ஆட்டோமேட்டிக். மில்வாக்கிக்கு மேற்கே ஒரு பண்ணைக் கொட்டகையில் பதினோரு வருடம் ஓடாமல் கிடந்தது. டாங்க், பிரேக், டயர் வேலையெல்லாம் போன கோடையிலேயே முடிந்துவிட்டது. பாடியில் துரு மிகக் குறைவு. 1980லிருந்து ஏஎம்சி வெளிப்புறத் தகடு எல்லாவற்றையும் துத்தநாகம் பூசிய இரும்பில் அடித்து, தொழிற்சாலையிலேயே ஸீபார்ட் துருத்தடுப்பும் செய்து அனுப்பியது. பனிக்காலத்தில் சாலைக்கு உப்புக் கொட்டும் விஸ்கான்சினில் நாற்பது வருடம் கழித்தும் கதவின் அடிவிளிம்பு முழுசாக இருக்கிறதென்றால் அந்த வேலையின் தரம் அப்படி.

குறை ஒன்றே ஒன்றுதான். குளிரில் ஸ்டார்ட் ஆகும், நன்றாக ஓடும். சூடேறியபின் கியரை டிரைவில் போட்டு பிரேக்கை மிதித்தால் ஜுரம் வந்தவன் மாதிரி உதறி, 400 ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்கு 400 சுற்று) இறங்கி அணைந்துவிடும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டர், ஒயர், பிளக் எல்லாம் மாற்றினேன். டைமிங் பார்த்தேன். இன்ஜினின் உறிஞ்சும் விசையைக் கடத்தும் வேக்யூம் ஹோஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, பேப்பரில் படம் வரைந்து, புதுசு போட்டேன். அதற்கே இரண்டு சனிக்கிழமை போனது. இந்தக் காலத்து வண்டியின் பானெட்டைத் திறந்தவர்களுக்கு அந்த இடியாப்பச் சிக்கல் தெரியும்.

அந்த ஹோஸ்களை நான் திட்ட மாட்டேன். 1970இல் காற்றுத் தூய்மைச் சட்டம் இறுகியது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெயை நிறுத்தின. 1975இல் மைலேஜ் சட்டம் வந்தது: 1978 மாடல்களுக்கு காலனுக்குச் சராசரி 18 மைல், 1985க்குள் 27.5. புகையையும் குறை, பெட்ரோலையும் குறை என்று இரண்டு உத்தரவு ஒன்றாக வந்து விழுந்தபோது கையில் இருந்தது பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் மட்டும்தான். எலெக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் சாதாரண விலையில் கிடைக்கும்வரை ஹோஸும் டயஃப்ரமும் வைத்துத்தான் அந்த இன்ஜினியர்கள் கணக்குப் போட்டார்கள். என் வண்டியின் ஸ்பீடோமீட்டர் 85 மைலோடு முடிகிறது. அதுவும் 1979இல் நடைமுறைக்கு வந்த அரசு விதி. இங்கே இவற்றை 'மலேஸ்' கார்கள் என்பார்கள். ஜிம்மி கார்ட்டர் 1979 ஜூலை 15 அன்று தொலைக்காட்சியில் ஆற்றிய உரைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது, சோர்வு என்று பொருள். அந்த உரையில் அவர் அந்தச் சொல்லைச் சொல்லவே இல்லை. சொல்லாத ஒரு வார்த்தையை ஒரு தலைமுறைக் கார்களின் நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

சரி, கார்புரேட்டர். 258இல் உட்காருவது கார்ட்டர் கம்பெனியின் பிபிடி, இரண்டு பேரல், அதாவது காற்று போகும் இரண்டு குழல். யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான்: "அதைக் கழற்றி வீசு, மோட்டார்கிராஃப்ட் 2100 போடு." இல்லையென்றால் வெபர் 32/36. 1.08 அங்குல வெஞ்சுரி (காற்று போகும் குறுகிய கழுத்து) உள்ள 2100 இந்த இன்ஜினுக்கு அருமையாகப் பொருந்தும், மறுக்கவில்லை. இதே இன்ஜின் உள்ள ஜீப் ஆட்கள் பாதிப்பேர் அதில்தான் ஓட்டுகிறார்கள். ஆனால் கெனோஷாவில் இந்த வண்டியைக் கட்டியபோது எது இருந்ததோ அதிலேயே ஓட வைக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

நோய் எங்கே என்று காட்டியது மிக்ஸ்சர் ஸ்க்ரூதான், ஐட்லிங்கில் போகும் கலவையின் அளவைக் கூட்டிக் குறைக்கும் இரண்டு ஸ்க்ரூ. யாரும் திருகக் கூடாதென்று இரண்டுக்கும் தொழிற்சாலையிலேயே அடைப்பு வைத்திருப்பார்கள். அதைத் துளையிட்டு எடுத்தேன். இன்ஜின் ஓடும்போதே இடது ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே முட்டும்வரை திருகினேன். ஒரு மாற்றமும் இல்லை. ஐட்லிங்கில் பெட்ரோல் அந்த வழியாக வந்துகொண்டிருந்தால் இன்ஜின் அங்கேயே தடுமாறி அணைந்திருக்க வேண்டும். வலது ஸ்க்ரூவுக்குக் கொஞ்சம் அசைந்தது, அவ்வளவுதான். அப்படியானால் இத்தனை நாள் எதில் ஓடியது? முன்பு வைத்திருந்தவர் த்ராட்டில் ஸ்க்ரூவை ஏற்றி ஏற்றி, காற்று வழியை மூடும் தட்டை அளவுக்கு மேல் திறந்து, அதன் ஓரத்தில் உள்ள டிரான்ஸ்ஃபர் ஸ்லாட் என்ற கீறல் வழியாக வரும் பெட்ரோலில் சமாளித்திருக்கிறார்.

பிபிடியைப் பிரித்தவர்களுக்கு மேல்மூடி, ஸ்டெப்-அப் பிஸ்டன், மீட்டரிங் ராடு பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டெப்பர் மோட்டாரை எடுக்கும்போது மட்டும் கீழே ஒரு துணி விரித்துக்கொள்ளுங்கள். அதன் ஊசியும் ஸ்ப்ரிங்கும் தரையில் உருண்டால் அன்றைய வேலை அதோடு முடிந்தது. நான் உட்கார்ந்த இடம் வெஞ்சுரி கிளஸ்டர், கார்புரேட்டரின் நடுவில் இருக்கும் சின்ன உலோகத் துண்டு. இரண்டு ஸ்க்ரூவை எடுத்தால் கையில் வந்துவிடும். அதன் அடியில் இரண்டு பித்தளைக் குழாய்கள் தொங்கும், தீக்குச்சியை விட மெல்லியவை. ஐட்லிங்குக்குப் போகும் பெட்ரோல் முழுவதும் அந்த இரண்டு துளை வழியாகத்தான் ஏற வேண்டும். துளையின் அகலம் என் அளவுக்கம்பிக் கணக்கில் 0.7 மில்லிமீட்டர். அதில் மணல் அளவு அழுக்கு உட்கார்ந்தால் போதும், 4.2 லிட்டர் இன்ஜின் சிக்னலில் மண்டியிட்டுவிடும்.

முதல் வாரம் கார்புரேட்டர் கழுவும் ஸ்ப்ரே. மறுமுனையில் நுரை வந்தது, சுத்தமாகிவிட்டது என்று நம்பி மாட்டினேன். அதே உதறல். இரண்டாவது வாரம் ராத்திரி முழுக்கக் கரைப்பானில் ஊறவைத்து, காலையில் நகை கழுவும் சின்ன அல்ட்ராசோனிக் தொட்டியில் அரைமணி நேரம் போட்டு, காற்றடித்தேன். இம்முறை ஐட்லிங்கே இல்லை, முன்பைவிட மோசம். கழுவியதோடு, பழுதுபார்ப்பு கிட்டில் வந்த புது கேஸ்கெட்டுகளையும் (இரண்டு பாகத்துக்கு நடுவே கசியாமல் வைக்கும் தாள்) போட்டிருந்தேன்; ஒரே நேரத்தில் இரண்டு விஷயம், அதனால் எது காரணம் என்று தெரியவில்லை. மறுபடி பிரித்து, பழைய கேஸ்கெட்டையும் புதியதையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்த பிறகுதான் புரிந்தது. கிளஸ்டருக்கு அடியில் போகும் புது கேஸ்கெட்டில் ஒரு ஓட்டை குறைவு. வழியையே அது மூடிவிட்டது. கிட் வாங்கிய கடையின் பெயர் வேண்டாம். பெட்டியில் "1982, 258" என்று அச்சடித்திருந்தது, உள்ளே இருந்தது வேறு வகை. கிழிந்த பழைய கேஸ்கெட்டுகளைக் குப்பையில் போடாமல் வைத்திருந்தது அன்று காப்பாற்றியது.

அடுத்த கிட்டை வேறு மாநிலத்தில் கார்புரேட்டர் வேலை மட்டும் செய்யும் ஒரு சின்னக் கடையில் வாங்கினேன். அங்கே வருடத்தையோ வண்டிப் பெயரையோ கேட்கவே இல்லை. மேல்மூடி ஸ்க்ரூவில் தொங்கும் தகரச் சீட்டில் உள்ள எண்ணைத்தான் கேட்டார்கள். அந்தச் சீட்டை யாரும் கழற்றி எறியாதீர்கள். விலை முதல் கிட்டைப் போல இரண்டு மடங்கு. ஒவ்வொரு கேஸ்கெட்டும் கண்ணாடியில் பார்த்த மாதிரி பொருந்தியது.

மூன்றாவது வாரம்தான் குழாயை ஒழுங்காகப் பார்த்தேன். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் எனக்குத் தெரிந்தது. மகளைக் கூப்பிட்டேன். அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துவிட்டு, "அப்பா, இதுல வெளிச்சம் தெரியுது, இதுல தெரியவே இல்லையே" என்றாள். பதினான்கு வயதுக் கண். இடது குழாய் முழு அடைப்பு. வலதில் ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம். ஸ்ப்ரேயில் வந்த நுரையெல்லாம் கிளஸ்டரின் வேறு துளைகள் வழியாகச் சுற்றி வந்திருக்கிறது.

குத்தி எடுக்க என்ன இருக்கிறது என்று தேடினேன். செம்புக் கம்பி இழை வளைந்துவிட்டது. டிரில் முனை வைக்க மனம் வரவில்லை; பித்தளை மெத்தென்றது, துளை அரைநூல் பெரிதானாலும் கலவை மாறிப்போகும். கடைசியில் மகளே தன் வீணைப் பெட்டியிலிருந்து உபரியாக வைத்திருந்த சாரணித் தந்தியைக் கொண்டுவந்தாள். எஃகு, 0.3 மில்லிமீட்டருக்குள், விறைப்பு ஆனால் வளைந்து கொடுக்கும். நுனியை எண்ணெய்க் கல்லில் தேய்த்துப் பிசிறு எடுத்து, சுழற்றாமல், நேராக மேலும் கீழுமாக மட்டும் தள்ளினேன். பத்து நிமிடம் ஒரு அசைவும் இல்லை. கரைப்பான் ஒரு சொட்டு, மறுபடி தந்தி, மறுபடி சொட்டு. திடீரென்று கை லேசானது. வெள்ளைத் துணியில் காய்ந்த பனஞ்சாறு நிறத்தில் ஒரு துணுக்கு விழுந்தது. பதினோரு வருடம் நின்ற பெட்ரோல் காய்ந்து இறுகிய அரக்கு, வேறொன்றுமில்லை. அதற்காகவா இத்தனை பேர் இந்தக் கார்புரேட்டரைக் குப்பைக்கு அனுப்பச் சொன்னார்கள்? இரண்டு குழாயிலும் வட்டமாக வெளிச்சம் தெரிந்த அந்த நிமிடம் நானும் மகளும் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

மாட்டியபின் த்ராட்டில் ஸ்க்ரூவைத் தாராளமாகப் பின்னால் எடுத்தேன். மிக்ஸ்சர் இரண்டையும் முட்டவைத்து இரண்டரைச் சுற்று திறந்து ஆரம்பித்து, வேக்யூம் கேஜைப் பார்த்துக் கால் சுற்று கால் சுற்றாகத் திருகினேன். 13 அங்குலத்தில் ஆடிக்கொண்டிருந்த முள் 18க்கு வந்து ஆணி அடித்த மாதிரி நின்றது. டிரைவில் 650 ஆர்பிஎம். இப்போது ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் இன்ஜின் பதில் சொல்கிறது.

கூடவே ஒன்று: பெட்ரோல் ஃபில்டர். மூன்று மூக்கு உள்ளது, ஒன்று டாங்குக்குத் திரும்பும் வழி. அந்த மூக்கு மேலே பார்க்க வேண்டும், அப்போதுதான் சூட்டில் கிளம்பும் ஆவி டாங்குக்குத் திரும்பும். என் வண்டியில் பக்கவாட்டில் படுத்திருந்தது. அரைத் திருப்பில் சரியானது. எத்தனால் கலக்காத பெட்ரோலும் ஊற்ற ஆரம்பித்திருக்கிறேன். படகுக்காரர்கள் தயவில் இங்கே பல பம்புகளில் கிடைக்கிறது. நாள் கணக்கில் நிற்கும் வண்டிக்கு அந்தக் கூடுதல் காசு தகும்.

உதிரிபாகம் பற்றிக் கேட்பவர்களுக்கு: பயப்படாதீர்கள். ஏஎம்சியிடம் எல்லாவற்றையும் தானே செய்யப் பணம் இல்லை, அதனால் நல்லதாகப் பார்த்து வாங்கிச் சேர்த்தார்கள். கியர்பாக்ஸ் கிறைஸ்லரின் டார்க்ஃப்ளைட். இக்னிஷன் ஃபோர்டின் மோட்டார்கிராஃப்ட். ஸ்டீயரிங் ஜெனரல் மோட்டார்ஸின் சாகினா. இன்ஜின் மட்டும் அவர்களுடையது, 1964இல் தொடங்கிய வம்சம். அதே வம்சத்தின் 4.0 லிட்டரை 1987லிருந்து 2006 வரை ஜீப்பில் போட்டார்கள். அதைச் சாகாத இன்ஜின் என்று கொண்டாடுகிறவர்கள் கான்கார்டை ஏறிட்டும் பார்ப்பதில்லை, எனக்கு அது உண்மையிலேயே வலிக்கிறது.

ஒருநாள் ஓட்டிக்கொண்டே கெனோஷா போக வேண்டும். இங்கிருந்து தெற்கே நாற்பது மைல்தான், ஏரிக்கரையோரமாகவே போகலாம். 1902இல் தாமஸ் ஜெஃப்ரி ராம்ப்ளர் விற்க ஆரம்பித்த ஊர். 1988 டிசம்பரில் கார் அசெம்பிளி நின்றது. வண்டியைப் பிறந்த ஊருக்குக் கூட்டிப்போக ஆசை. அப்புறம் இல்லினாயில் ஒரு ஈகிள் வேகன் விலைக்கு வந்திருக்கிறது. கான்கார்டு பாடிதான், நாலு சக்கரத்துக்கும் சக்தி போகும், 1980 மாடல். ஃபோர்டில் ஜிடி40 பந்தயக் கார் செய்த ராய் லன் ஏஎம்சிக்கு வந்து செய்த வண்டி. சாதாரணக் காரை நான்கு சக்கர இயக்கத்தோடு உயர்த்தி வைக்கும் யோசனையை இன்று எல்லாக் கம்பெனியும் விற்கிறது. போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

இந்த வண்டி இன்னும் முடியவில்லை. குளிரில் ஸ்டார்ட் ஆகக் காற்றைக் குறைக்கும் சோக் காலையில் கொஞ்சம் தாமதமாக விடுகிறது. பிளாஸ்டிக் வால்வு மூடி நாற்பது வருடச் சூட்டில் நெளிந்து, எண்ணெய் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் சொட்டி வாடை வருகிறது. கேஸ்கெட் கிடையாது, சிலிக்கோன் பசையில்தான் ஒட்டியிருப்பார்கள். வார்ப்பு அலுமினிய மூடி ஒன்று வாங்கிவைத்துவிட்டேன். பின்பக்க போல்ட்டுக்குக் கை போகாது, கட்டைச் சாவி ஒன்றை வளைத்துத் தயார் செய்தாயிற்று. போல்ட்டுகளுக்கு நேற்றே எண்ணெய் விட்டு ஊறப்போட்டிருக்கிறேன். சனிக்கிழமை காலை திறக்கிறேன்.