பின்பக்கத்து மூன்று பிளக் வயர்கள்

எங்கள் வான் 2006ஆம் ஆண்டு டொட்ஜ் கிராண்ட் கரவான், 3.3 லீற்றர் வி6 எஞ்சின். கனடாவில் ஸ்காபுரோவில் பிள்ளைகளை வகுப்பு வகுப்பாக ஏற்றி இறக்குவதும் கிழமைச் சாமான் வாங்கப் போவதும் எல்லாம் அதில்தான். போன இலையுதிர் காலத்தில் மழை நாட்களில் மட்டும் குலுங்கத் தொடங்கியது. வெயிலில் ஒரு குறையும் இல்லை, ஈரம் பட்டால் சிக்னலில் நிற்கும்போது ஸ்ரியரிங் கையில் நடுங்கும். பிறகு ஒருநாள் செக் எஞ்சின் விளக்கு மினுங்கியது. அந்த விளக்கு சும்மா எரிந்துகொண்டிருந்தால் இரண்டு நாள் பொறுக்கலாம், மினுங்கினால் பொறுக்கக் கூடாது. எரியாத பெற்றோல் புகைக்குழாய் வழியே போய், புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டரைச் சூடாக்கிக் கெடுத்துவிடும், அந்தச் செலவு சிலிண்டருக்குள் மின்பொறி கொடுக்கும் பிளக்கின் செலவைப்போலப் பல மடங்கு. கோட் வாசிக்கும் கருவியைச் செருகிப் பார்த்தேன், பி0305. ஐந்தாம் சிலிண்டர் ஒழுங்காக எரியவில்லை, முதலில் பார்க்க வேண்டியது அதன் பிளக்கையும் அதற்கு மின்சாரம் கொண்டுபோகும் வயரையும்.

இந்த எஞ்சின் வானில் குறுக்காக இருக்கிறது. 2, 4, 6ஆம் சிலிண்டர்கள் முன்பக்கம், பொனெற்றைத் திறந்தவுடன் தெரியும். 1, 3, 5 பின்பக்கம், முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் தகட்டுச் சுவரைப் பார்த்தபடி. அந்த இடுக்கில் கை போகும், கண் போகாது. முந்திய ஆண்டு ஒரு கராஜில் ஆறு பிளக்குக்கும் காசு கொடுத்திருந்தேன். பின்னால் இருந்த மூன்றையும் அவர்கள் தொடவே இல்லை என்பது இந்த முறைதான் தெரிந்தது. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

எங்கள் தெருவில் ஒரு அண்ணை இருக்கிறார், ஊரில் லொறி எஞ்சின் பிரித்துப் பூட்டிப் பழகியவர். அவரிடம் சொன்னபோது, "வயரிலை பிடிச்சு இழுக்காதை தம்பி. றப்பர் தொப்பியைப் பிடி, முதல் திருப்பு, கழன்டதெண்டு கைக்குத் தெரிஞ்சாப் பிறகு இழு" என்றார். வயரின் நுனியில் பிளக்கை மூடியிருப்பதுதான் அந்தத் தொப்பி. காரணமும் சொன்னார். வயரின் நடுவில் செப்புக் கம்பி இல்லை, கரி ஏற்றிய நூல். இழுத்தால் அது உள்ளே அறுந்துவிடும், வெளியில் வயர் புதிதுபோலவே இருக்கும். அறுந்த இடத்தில் மின்பொறி தாவித் தாவி இன்னும் எரித்துக்கொண்டே போகும், பிறகு மழை வந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான்.

பின்பக்கத்தை அடைய இரண்டு வழி. வானுக்குக் கீழே படுத்துக் கையை மேலே விடலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. இங்கே குளிர்காலத்தில் வீதிக்குப் போடும் உப்பால் அடிப்பகுதி முழுக்கத் துரு, அண்ணாந்து பார்த்தால் கண்ணில்தான் கொட்டும். அப்படிப் போகிறவர்களும் தயவுசெய்து ஜக்கை மட்டும் நம்பிக் கீழே போக வேண்டாம், ஸ்ராண்ட் வைத்து ஒருமுறை வானை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள். நான் மேலால் போனேன். வைப்பர் இரண்டையும் கழற்றி, பிளாஸ்ரிக் மூடியை எடுத்து, தண்ணீர்க் குழாயையும் மோட்டார் வயரையும் பிரித்து, வைப்பர் பூட்டியிருக்கும் தகட்டுத் தட்டை முழுதாகத் தூக்கி எடுப்பது. வைப்பர் நிற்கும் இடத்தில் கண்ணாடியில் நாடா ஒட்டிக் குறி வைத்தேன். வைப்பர் கைகள் துருப்பிடித்து இறுகியிருந்ததால் அதற்கே ஒரு மணித்தியாலம் போனது. ஆனால் தட்டு வெளியே வந்ததும் வானத்து வெளிச்சம் நேராக அந்த இடுக்கில் விழுந்தது. ஐந்தாம் பிளக்கை அன்றுதான் முதல்முதல் கண்ணால் கண்டேன்.

எஞ்சினை முதல் நாள் இரவே நிறுத்தி ஆறவிட்டிருந்தேன். பின்பக்கத்துப் புகைக்குழாய் அந்தப் பிளக்குகளோடு ஒட்டினாற்போல இருக்கிறது, ஓடி நிறுத்திய சூட்டில் கை வைத்தால் தோல் உரிந்துவிடும். சிலிண்டர் தலை வேறு அலுமினியம், சூட்டோடு பிளக்கைத் திருகினால் மரைகள் சேதமாகலாம். திறப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பற்றரியின் நெகற்றிவ் முனையைக் கழற்றினேன். எஞ்சின் ஓடும்போது அந்த வயர்களில் பல்லாயிரம் வோல்ட் போகிறது, யாரும் தவறுதலாக ஸ்ரார்ட் செய்துவிடக் கூடாது.

ஐந்தாம் வயரின் தொப்பிக்கு மேல் சூடு தாங்க ஓர் உலோகக் கவசம் இருக்கிறது. அதையும் சேர்த்துப் பிடித்து இடம் வலமாகக் கால் சுற்றுத் திருப்பினேன், நாலாவது தரம் 'டக்' என்று விட்டது, பிறகு நேராக வெளியே இழுத்தேன். ஒன்றாம் இலக்கத்துக்குப் பக்கத்தில் ஆல்டர்னேற்றர் மறிக்கிறது, விரல் நுனியால் மட்டும் வேலை செய்தேன், ஆனால் அதுவும் முரண்டு பிடிக்கவில்லை. மூன்றாவதுதான் அசையவில்லை. சூட்டில் றப்பர் வெந்து பீங்கானோடு ஒட்டிப்போயிருந்தது. இதற்கென்றே விற்கும் வளைந்த வாய்க் குறடு ஒன்றை வாங்கி வைத்திருந்தேன், அதால் கவசத்தைப் பிடித்து ஆட்டி ஆட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். கடைசியில் தொப்பி கிழிந்துதான் வந்தது. நேராகத்தான் இழுக்க வேண்டும், பக்கவாட்டில் நெம்பினால் பிளக்கின் பீங்கான் உடைந்து துண்டு உள்ளே விழும் ஆபத்து உண்டு. புது வயர் செற் கையில் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே தொடங்காதீர்கள். இருந்ததால்தான் கிழிந்தபோது நான் பதறவில்லை.

ஒரு நேரத்தில் ஒரு வயர்தான் கழற்றினேன். வயர்களுக்கு மின்சாரம் அனுப்பும் கொயிலில் ஒவ்வொரு முனைக்கும் இலக்கம் இருக்கிறது, இருந்தாலும் புது வயரைப் பழையதோடு நீளம் பார்த்து அதே வழியில் ஓடவிட்டேன், புகைக்குழாயில் முட்டாமல் கிளிப்பிலும் மாட்டினேன். பிளக்கைக் கழற்றுவதற்கு முன் சுற்றியிருந்த மண்ணைக் காற்றடித்து ஊதினேன், இல்லாவிட்டால் எல்லாம் சிலிண்டருக்குள் போய்விடும். புதுப் பிளக்கின் தலையில் ஒரு துண்டு றப்பர் குழாயைச் செருகி அதால் திருகினேன். மரை பிழையாக ஏறினால் குழாய் வழுக்கி நின்றுவிடும், ஸ்பானர் அப்படி நிற்காது. தொப்பிக்குள் கொஞ்சம் சிலிக்கன் கிரீஸ் பூசினேன், அடுத்த முறை இது ஒட்டிப்பிடிக்கக் கூடாது. அழுத்தியபோது 'டக்' என்று இருந்ததை மூன்றிலும் கேட்டுக்கொண்டேன்.

பழைய ஐந்தாம் வயரை மீற்றரில் அளந்தேன். தொடர்பே காட்டவில்லை. வெளியில் ஒரு கீறல்கூட இல்லை.

காலையில் எட்டு மணிக்குத் தொடங்கி எல்லாம் பூட்டி முடிக்கப் பின்னேரம் மூன்றரை. அடுத்த செவ்வாய்க்கிழமை நல்ல மழை, மகளை ஏற்றிக்கொண்டு மார்க்கம் றோட்டில் சிக்னலில் நின்றேன். ஸ்ரியரிங் அசையவில்லை. வைப்பரை நிறுத்தினேன், இரண்டும் நான் கழற்ற மறந்திருந்த நாடாக் குறியில் வந்து நின்றன.