மக்காச்சோளத்தில் படைப்புழு: புரட்டாசிப் பட்டக் குறிப்புகள்

செப்டம்பர் 26

பெரம்பலூர்ப் பக்கத்துக் கரிசல், மானாவாரி. கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு. படைப்புழு கூட்டுப்புழுவாவது மண்ணுக்குள்தான், இரண்டு முதல் எட்டு செ.மீ. ஆழத்தில். உழவில் புரண்டு மேலே வந்தால் வெயிலும் மைனாவும் கொக்கும் பார்த்துக்கொள்ளும்.

விதைப் பையின் சீட்டைப் படிக்க வேண்டும். நேர்த்தி செய்யாத விதையென்றால் சயான்ட்ரனிலிப்ரோல் + தயாமெதாக்சம் கலவை, கிலோவுக்கு 4 மி.லி. முதல் இரண்டு மூன்று வாரம் இது தாங்கும். எந்த மருந்தில் நேர்த்தி ஆனதென்று எழுதி வையுங்கள்; அடுத்த மருந்தைத் தேர்ந்தெடுக்க அது வேண்டும்.

அக்டோபர் 2

விதைப்பு. வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 25. பத்து வரிசைக்கு ஒருமுறை 75 செ.மீ. இடைவெளி. அந்த இடைவெளியை வீண் என்று நினைப்பவர்கள், நாற்பதாம் நாளில் டேங்கைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே நுழையும்போது புரிந்துகொள்வார்கள். வரப்போரம் மூன்று நான்கு வரிசை தட்டைப்பயறும் எள்ளும்.

அக்டோபர் 7

ஏக்கருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப் பொறி, பெண்பூச்சியின் வாசனையைக் காட்டி ஆணை இழுப்பது. பயிரின் உச்சிக்குச் சற்று மேலே தொங்கவேண்டும். பயிர் வளர வளரப் பொறியையும் உயர்த்த வேண்டும். பொறியில் விழும் பழுப்புப் பூச்சியெல்லாம் படைப்புழுவின் அந்துப்பூச்சி இல்லை. வருவது ஆண் மட்டுமே. அதன் முன்னிறகின் நுனியில் முக்கோணமாக ஒரு வெள்ளைத் திட்டு இருக்கும். அதைப் பார்த்தே எண்ண வேண்டும். பூச்சி விழத் தொடங்கியதும் முட்டைக் குவியலைத் தேடலாம்.

அக்டோபர் 12

முட்டைக் குவியல் கிடைத்தது, இலையின் அடிப்புறம். நூறு முதல் இருநூறு முட்டை, மேலே தாய்ப்பூச்சியின் சாம்பல் நிறச் செதில் போர்த்தியிருக்கும். அவசரத்தில் பார்த்தால் பூஞ்சைத் திட்டு என்று விட்டுவிடுவோம். இரண்டு மூன்று நாளில் பொரிந்துவிடும். விரலால் நசுக்கினால் போதும். முழுக்கக் கன்னங்கரேலென்று இருப்பதை மட்டும் இலையோடு கிள்ளி, துணி கட்டிய பாட்டிலில் போடுங்கள். முட்டைக்குள் வளர்ந்து அதைக் கொல்லும் குட்டிக் குளவி வந்தால் வயலில் திறந்துவிடலாம், புழு வந்தால் கொன்றுவிடலாம்.

அக்டோபர் 17

இலையில் வெள்ளை ஜன்னல்கள். இளம்புழு பச்சையை மட்டும் சுரண்டி மெல்லிய தோலை விட்டுவிடுகிறது. பலர் இதைப் பார்த்து, ‘ஓட்டை விழட்டும், பார்க்கலாம்’ என்று இருக்கிறார்கள். கணக்கு நேர்மாறானது. புழுவுக்கு ஆறு வளர்ச்சிப் பருவம். அது தின்னும் மொத்த இலையில் முதல் மூன்று பருவம் சேர்ந்து தின்பது 2 சதவீதத்துக்கும் குறைவு; கடைசிப் பருவம் மட்டும் முக்கால் பங்குக்கு மேல். வயல் கந்தலாகத் தெரியும்போது புழு சாப்பிட்டு முடித்து மண்ணுக்கு இறங்கத் தயாராக இருக்கும். அப்போது அடிக்கும் மருந்து மனத்திருப்திக்குத்தான்.

ஓர வரிசைகளை விட்டு உள்ளே போய், வளைந்து வளைந்து நடந்து ஐந்து இடத்தில் இருபது இருபது செடி. புதிதாக வந்த இரண்டு மூன்று இலையில் உள்ள சேதம்தான் கணக்கு. பழைய ஓட்டையை எண்ணக் கூடாது. இன்று நூற்றுக்கு ஏழு. இந்த வயதில் மருந்தடிக்க வேண்டிய எல்லை ஐந்து. வேம்பு மருந்தான அசாடிராக்டின் 1500 பிபிஎம், லிட்டருக்கு 5 மி.லி.; 16 லிட்டர் டேங்குக்கு 80 மி.லி.

அக்டோபர் 25

நூற்றுக்குப் பதினான்கு. பத்தைத் தாண்டினால் ரசாயனம்தான். எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்ஜி லிட்டருக்கு 0.4 கிராம், டேங்குக்கு ஆறரை கிராம் வரும். இல்லையென்றால் ஸ்பைனெடோரம் லிட்டருக்கு 0.5 மி.லி. குளோரான்ட்ரனிலிப்ரோலை இப்போது எடுக்கவில்லை. விதையில் இருந்த சயான்ட்ரனிலிப்ரோலும் அதே வகைதான். அடுத்தடுத்து ஒரே வகையைக் கொடுத்தால் தாங்கிப் பிழைக்கும் புழு பெருகும்.

மருந்து பொய்த்தது என்று சொல்லப்படும் இடங்களில் பெரும்பாலும் பொய்த்தது நாசில்தான். தோளுயரத்தில் பிடித்து வீசிக்கொண்டே நடந்தால் இலைமேல் படும், குருத்துக்குள் போகாது. மூன்றாம் பருவம் முதல் புழு குருத்துக்குள் இருக்கிறது. மரத்தூள் மாதிரி எச்சம் மேலே அடைத்திருக்கும். கூம்பு வடிவில் பீய்ச்சும் நாசிலைக் குருத்துக்கு நேர் மேலே கவிழ்த்துப் பிடித்து, செடிக்குச் செடி ஒரு நொடி நின்று போக வேண்டும். வேளை சாயங்காலம், புழு மேலே வரும் நேரம். நெருக்கம் குறைக்கப் பிடுங்கிய செடியை மருந்தடித்த பிறகு மாட்டுக்குப் போடாதீர்கள்.

அக்டோபர் 29

ஓட்டை இருப்பதைப் பார்த்து மறுபடி டேங்கைத் தூக்க வேண்டாம். விரிந்த இலையின் ஓட்டை மூடாது. குருத்தைப் பிரித்துப் பார்த்தால் எச்சம் காய்ந்து வெளுத்திருக்கிறது, புது இலை முழுசாக இருக்கிறது. போதும்.

நவம்பர் 6

நல்ல மழை. குருத்தில் தேங்கிய தண்ணீரில் சின்னப் புழுக்கள் மிதக்கின்றன. சில புழுக்கள் இலையைப் பற்றியபடியே விறைத்து, உடம்பெல்லாம் வெள்ளை பூத்து, அப்புறம் இளம்பச்சைத் தூள். பூஞ்சாண நோய்; ஈரம் நிற்கும்வரை தானே பரவும். அப்படிச் செத்த புழுவைப் பிடுங்கி எறியக் கூடாது.

நவம்பர் 14

நாற்பத்து மூன்றாம் நாள். சேதம் எல்லைக்குக் கீழே. ஈரப்பதம் இருப்பதால் புழுவைக் கொல்லும் பூஞ்சாணமான மெட்டாரைசியம் அனிசோப்ளியே, ஏக்கருக்கு ஒரு கிலோ, 200 லிட்டர் தண்ணீரில், சாயங்காலம். பூஞ்சாணக்கொல்லி கலந்த டேங்கைக் கழுவாமல் இதை ஊற்றினால் காசும் போச்சு, பூஞ்சாணமும் போச்சு.

ஒரு குருத்தில் பெரிய புழு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. மற்றதை அதுவே தின்றுவிடும். தலையில் தலைகீழ் ‘ஒய்’ குறி, வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளி. இலையில் ஊசி குத்தியது மாதிரி வரிசையாகத் துளையும், நடுக்குருத்து காய்ந்துபோவதும் இருந்தால் அது தண்டுத் துளைப்பான், வேறு கதை.

நவம்பர் 29

ஆண்பூ வந்துவிட்டது. இனி மருந்து இல்லை. கதிருக்குள் நுழைந்த புழுவை எட்டாது, செலவும் கட்டாது. பூவின் மகரந்தத்துக்குத் தேனீ வேறு வருகிறது. கண்ணில் படுவதைக் கையால் பொறுக்குவதோடு சரி.

ஜனவரி 19

அறுவடை. தட்டையை வெட்டியதும் உழவு. சிந்திய மணி முளைத்து வரும் செடிகளை விடக் கூடாது, அடுத்த தலைமுறை அதில்தான் ஓட்டும். அடுத்து இந்த வயலில் மக்காச்சோளம் இல்லை. ஈரம் இருந்தால் உளுந்து.