குழம்புக்கு ஆகாத புளி

"பையில என்னய்யா?"ன்னு ரேஞ்சர் கேட்டாருல்ல, அந்த எடத்துல நான் வாயத் தொறந்திருக்கணும்.

உள்ள இருந்தது புளியம்பழ ஓடு. அம்புட்டுதான். சாம்பல் நிற அணில் தின்னுட்டுக் கீழ போட்டது, பல்லு பதிஞ்ச தடம் ஜோடி ஜோடியா கோடு கிழிச்ச மாதிரி இருக்கும். மரத்து உச்சியில இலைக்குள்ள அது என்ன திங்குதுன்னு பைனாகுலர்ல பாதி நேரம் தெரியாது, கீழ விழுறதுதான் சாட்சி. ஏழெட்டு ஓட்ட நான்தான் பொறுக்கி வனத்துறை வாட்சர் அண்ணனோட மஞ்சப்பையில போட்டேன்.

அணில் ஆராய்ச்சிக்கு நான் வாங்குன பெர்மிட்ல அது கெடையாது. உதிர்ந்து கெடந்தாலும் சரணாலயத்துல இருந்து எதையும் எடுத்துட்டு வரக்கூடாது, 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 29ஆவது பிரிவு, எனக்குத் தெரியாம இல்ல. ஸ்ரீவில்லிபுத்தூர் காட்ட 1988ல சரணாலயம் ஆக்குனதே இந்த அணிலுக்காகத்தான், அது கடிச்சுப் போட்டத எடுக்க வழியில்லன்னு இப்ப கிண்டலா சொல்லலாம், ஆனா அப்ளிகேஷன்ல கேக்காம விட்டதே நான்தான். சாம்பிள்னு எழுதுனா சென்னைல தலைமை வன உயிரினக் காப்பாளர் ஆபீஸ் வரைக்கும் போயி கேள்வி மேல கேள்வி வரும், சீசன் முடிஞ்சிரும், வெறும் அப்சர்வேஷன்னு போடுன்னு ஆராய்ச்சி கைடு சொன்னாரு, போட்டுட்டேன்.

அண்ணே முந்திக்கிட்டாரு. "நாந்தேன் சார் எடுத்தேன், வீட்ல குழம்புக்கு."

ரேஞ்சர் பையப் பிரிச்சாரு. வெறும் ஓடு, சதையும் இல்ல கொட்டையும் இல்ல, இதுல என்ன குழம்பு. அவருக்குப் புரிஞ்சிருக்கும்னுதான் நெனைக்கிறேன், என்னைய ஒரு பார்வ பாத்துட்டு அண்ணன்ட்ட "இத்தன வருஷமா இருக்க, ஒனக்கே சொல்லித் தரணுமா"ன்னாரு. நான் பெர்மிட் ஜெராக்ஸ மடிச்சு மடிச்சுப் பாக்கெட்ல வச்சுக்கிட்டு நின்னேன்.

சொல்லியிருந்தா பெர்மிட் போயிருக்கும், அவருக்குத் திட்டோட போச்சுன்னு பஸ்ல திருமங்கலம் வர்ற வரைக்கும் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அவரு தினக்கூலி, வேலையே போயிருந்தா? போகலல்ல. இப்படியே மாத்தி மாத்தி. ரூல் தப்புன்னும் சொல்ல மாட்டேன், கீழதான கெடந்துச்சுன்னு ஆளாளுக்கு அள்ளுனா காட்டுல என்ன மிஞ்சும்? மதுரை கீழமாசி வீதியில மூட்ட மூட்டையா கெடக்குற புளி, அதுக்குப் போயி அந்த மனுசன் பேச்சு வாங்குனாரு.

இந்தத் தடவ 'உதிர்ந்த பழ ஓடு'ன்னு தனியா கேட்டு எழுதியிருக்கேன். போன வாரம் அண்ணே போன் பண்ணாரு, எப்ப தம்பி வர்றீகன்னு. அன்னிக்கு நடந்ததப் பேசிரலாம்னுதான் வாயெடுத்தேன்.

"காய் புடிச்சிருச்சாண்ணே?"ன்னு கேட்டேன்.