வெள்ளையாக வரக் கூடாத வீழ்படிவு

வடசென்னையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். பத்தாம் வகுப்பு வரை பிள்ளைகள் லேப் மேசையைச் சுற்றி நின்று நான் செய்வதைப் பார்ப்பார்கள். பிளஸ் ஒன் வந்த பிறகுதான் பியூரெட்டும் சோதனைக் குழாயும் அவர்கள் கைக்குப் போகின்றன. ஆனால் அதற்கு முன்பே விடை கைக்குப் போயிருக்கும். போன வருஷத்து அக்காவின் ரெக்கார்ட் நோட்டு, அதற்கு முந்தின வருஷத்து அண்ணனின் நோட்டு என்று தெருவுக்குள்ளேயே கைமாறி வரும் சொத்து அது. சோதனை, உற்றுநோக்கல், முடிவு என்று நோட்டில் மூன்று கட்டம். முதலில் நிரம்புவது மூன்றாவது கட்டம்தான். அதற்குத் தோதாக இரண்டாவது கட்டம் எழுதப்படும். சோதனைக் குழாய் அதுவரை ஸ்டாண்டிலேயே தவம் இருக்கும்.

பிள்ளைகளை இதற்காகத் திட்ட எனக்கு மனசு வராது. நூறில் இருபது மதிப்பெண் செய்முறைத் தேர்வுக்கு. இருபதையும் அள்ளிவிட வேண்டும் என்று வீட்டிலும் பள்ளியிலும் சொல்லிச் சொல்லி வளர்க்கிறோம், அப்புறம் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுது என்றால் எப்படி எழுதுவார்கள்? ஆகவே அந்த நடுக் கட்டத்தை மட்டுமாவது மீட்டு எடுப்பதுதான் என் வேலை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். இதில் எனக்குப் பெரிய துணை இந்த ஊரின் தண்ணீரும் காற்றும். புத்தகம் சொல்கிறபடி எதையும் நடக்க விடாது.

பெயர் தெரியாத உப்பு எது என்று சோதித்துக் கண்டுபிடிக்கும் உப்புப் பகுப்பாய்வில் ஒருநாள் ஒரு பையன் நடுக் கட்டத்தில் எழுதியதை ரப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன்டா அழிக்கிற?"

"தப்பா வந்துடுச்சு மிஸ். சில்வர் நைட்ரேட் ஊத்துனா வெள்ளையா வருது. இது நைட்ரேட் உப்பு, வெள்ளையா வரக் கூடாது."

"இது நைட்ரேட்டுன்னு உனக்கு யார் சொன்னா?"

பதில் இல்லை. பக்கத்தில் இருந்தவன்தான் போட்டுக்கொடுத்தான்: "பாட்டில் நம்பர் மிஸ்." உப்பு பாட்டில்களில் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். எந்த எண்ணுக்கு எந்த உப்பு என்ற பட்டியலும் அண்ணன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் வாரிசுரிமையாக வந்திருக்கிறது. (அன்றைக்கு மாலையே எங்கள் லேப் உதவியாளரான லேப் அண்ணன் எல்லா லேபிளையும் கிழித்துப் புது எண் ஒட்டிவிட்டார். அதில் அவருக்கு ஒரு தனி சந்தோஷம்.)

சரி, வெள்ளை எங்கிருந்து வந்தது? சோதனைக் குழாயை எதில் கழுவினாய், உப்பை எதில் கரைத்தாய் என்று கேட்டேன். குழாய்த் தண்ணீர். அது எங்கள் பள்ளியின் போர் தண்ணீர். வாலை வடிநீர் கேன் அறையின் மறுகோடியில் இருக்கிறது, குழாய் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது, பிறகு யார் நடப்பார்கள்?

நாலு குழாய் எடுத்து வைக்கச் சொன்னேன். ஒன்றில் போர் தண்ணீர், ஒன்றில் மெட்ரோ வாட்டர், ஒன்றில் ஒரு பெண் கொண்டுவந்திருந்த கேன் வாட்டர், ஒன்றில் வாலை வடிநீர். எல்லாவற்றிலும் கொஞ்சம் நீர்த்த நைட்ரிக் அமிலம், பிறகு சில்வர் நைட்ரேட் சொட்டு சொட்டாக. போர் தண்ணீர் உடனே தயிர் மாதிரி திரிந்தது. மெட்ரோ வாட்டர் பால் கலந்ததுபோல வெளுத்தது. கேன் வாட்டர் கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல லேசாக மங்கியது, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால்தான் தெரிந்தது. வடிநீரில் ஒன்றுமே இல்லை. தண்ணீரில் இருக்கும் குளோரைடோடு சில்வர் நைட்ரேட் சேர்ந்தால் சில்வர் குளோரைடு உண்டாகும், அதுதான் இந்த வெள்ளை வீழ்படிவு. சில்வர் குளோரைடு தண்ணீரில் அநேகமாகக் கரையாத பொருள். லிட்டருக்குச் சில மில்லிகிராம் குளோரைடு இருந்தாலே காட்டிக்கொடுத்துவிடும். குடிநீரில் லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அதாவது தரமான குடிநீரே இந்தச் சோதனையில் வெள்ளையாகத்தான் வரும்.

அதன் பிறகு வகுப்பு என் கையில் இல்லை. ஆளாளுக்கு மறுநாள் பாட்டிலோடு வந்துவிட்டார்கள். திருவொற்றியூர் வீட்டுப் போர், தண்டையார்பேட்டை அடிபம்பு, காசிமேட்டுப் பையன் ஒருவன் நேராகக் கடல்நீரையே. மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல் ஏறியது பல பத்தாண்டுகளாகப் பேசப்படுகிற சங்கதி. அதே பக்கம் காட்டுப்பள்ளியில் 2010 முதல் ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஓடுகிறது. அங்கிருந்து வரும் தண்ணீர்தான் இவர்களில் பலர் தெருவுக்குப் போகிறது. இதையெல்லாம் நான் பாடமாக எடுத்திருந்தால் பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள். சில்வர் நைட்ரேட் தீர்ந்துபோனதில் லேப் அண்ணன்தான் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பாரிமுனை கெமிக்கல் கடையில் அதன் விலை அவருக்குத் தெரியும். கைபட்ட இடமெல்லாம் கறுப்புக் கறையோடு பிள்ளைகள் ஒரு வாரம் திரிந்தார்கள். வீட்டில் மருதாணியா என்று கேட்டார்களாம்.

தண்ணீர் இப்படி என்றால் காற்று இன்னொரு தினுசு. சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகளை வாட்ச் கிளாசில் எடுத்து எடை போடச் சொல்வேன். லிட்டருக்கு 4 கிராம் கரைத்தால் 0.1 நார்மல் (செறிவைச் சொல்லும் அலகு) கரைசல், கணக்கு எல்லோருக்கும் தலைகீழ்ப் பாடம். ஐப்பசி மாதத்துக் கடற்காற்றில் அந்த வில்லைகள் நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பளபளக்கும், ஒன்றோடொன்று ஒட்டும், அடியில் ஈரம் கட்டும். தராசில் எண் மெல்ல ஏறும். "மிஸ், தராசு ரிப்பேர்" என்று ஒரு குரல் கட்டாயம் வரும். தராசு சரியாகத்தான் இருக்கிறது. வில்லை காற்றிலிருந்து தண்ணீரையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொண்டிருக்கிறது. இதனால்தான் இதை எடை போட்டு நம்ப முடியாது, ஆக்சாலிக் அமிலத்தை லிட்டருக்கு 6.3 கிராம் என்று நிதானமாக எடை போட்டு, அதை வைத்து இதைத் தரம்பார்க்க வேண்டும், அதாவது அதன் கரைசலோடு வினைப்படுத்தி இதன் சரியான செறிவைக் கண்டுபிடிக்க வேண்டும். முதல்நிலைத் திட்டப்பொருள் (எடை போட்டே நம்பக்கூடிய பொருள்) என்றால் என்ன என்ற இரண்டு மதிப்பெண் கேள்விக்கான பதில், வாட்ச் கிளாசில் ஒட்டிக்கொண்டு கிடக்கும்.

பாதுகாப்பு விதிகளைச் சுவரில் எழுதித்தான் வைத்திருக்கிறோம். யாரும் படிப்பதில்லை. அமிலத்தைத் தண்ணீரில் ஊற்று, தண்ணீரை அமிலத்தில் ஊற்றாதே. பிப்பெட்டில் வாய் வைக்காதே. ஜடையைக் கட்டு. இவற்றை அதட்டியே பழக்க வேண்டும், வேறு வழி கிடையாது. ஒரு தகராறு மட்டும் எங்கள் ஊருக்கே உரியது: மின்விசிறி. சுடர் ஆடக் கூடாது என்று பர்னர் பற்றவைத்ததும் விசிறியை நிறுத்திவிடுவோம். மார்ச் மாதத்தில் நாற்பது பேர் வியர்வை வழிய நிற்கும்போது, "மிஸ், ரெண்டு நிமிஷம் ஃபேன் போட்டுக்கலாமா" என்று பேரம் தொடங்கும். சில நாள் நானே மசிந்து, சூடாக்கும் வேலையை நிறுத்திவிட்டு விசிறியைப் போடச் சொல்வேன்.

தரம்பார்த்தலில் நான் முதலில் பார்ப்பது அளவீட்டு அட்டவணையை. 19.8, 19.8, 19.8 மில்லிலிட்டர் என்று மூன்றும் ஒன்றுபோல இருந்தால் சந்தேகம். முதல் முறை செய்கிறவருக்கு நிறம் மாறும் இடம் தெரியாது, பல சொட்டு தாண்டித்தான் நிற்பார். 20.3, 19.9, 19.8 என்று இறங்கி வந்து நிற்கிற அட்டவணையில்தான் ஒரு மனிதர் தெரிகிறார். ஆக்சாலிக் அமிலத்தைப் பெர்மாங்கனேட்டால் தரம்பார்க்கும்போது குடுவையைக் கை பொறுக்கிற அளவுக்குமேல், 60 முதல் 70 டிகிரி வரை சூடாக்கச் சொல்வேன். அவசரப்பட்டு ஆறிய குடுவையில் செய்கிறவர்களுக்கு முதல் சொட்டின் இளஞ்சிவப்பு லேசில் போகாது. "ஒரே சொட்டுல முடிஞ்சிடுச்சு மிஸ்!" என்று குதிப்பார்கள். கொஞ்சம் பொறு என்பேன். வினையில் உண்டாகிற மாங்கனீஸ் அயனியே வினையை வேகப்படுத்தும் என்பதால், முதல் சொட்டு மெதுவாக மறைந்தபின் அடுத்தவை சரசரவென்று மறையும். கந்தக அமிலத்தைக் குறைத்து ஊற்றியவர் குடுவையில் பழுப்பாகக் கலங்கும். அதையும் எழுது என்பேன்.

அம்மோனியாவைப் பற்றி மட்டும் இப்போது யாருக்கும் நான் அதிகம் சொல்ல வேண்டியிருப்பதில்லை. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண்ணெரிச்சலும் மூச்சுத் திணறலுமாக மக்கள் வீட்டைவிட்டு வெளியே ஓடினார்கள், பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். எங்கள் வகுப்பில் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் உண்டு. விடுமுறை முடிந்து வந்ததும் அம்மோனியம் உப்போடு சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்துச் சூடாக்கும் சோதனை. குழாயை மூக்கருகே கொண்டுபோகாதே, கையால் விசிறி முகர் என்று வழக்கமாகத் தொண்டை கிழியக் கத்துவேன். அன்று ஒருவரும் குழாயை முகத்துப் பக்கமே கொண்டுபோகவில்லை. ஒரு பெண் மட்டும் கேட்டாள்: "ஈரத் துணிய மூஞ்சில வச்சுக்கோன்னு சொன்னாங்களே, அது எதுக்கு மிஸ்?" அம்மோனியா தண்ணீரில் எக்கச்சக்கமாகக் கரையும் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் காப்பாற்றும், ஆனால் காற்று வீசும் திசைக்குக் குறுக்கே தள்ளிப் போவதுதான் முக்கியம் என்றும் சொன்னேன். பிறகு முகரவே வேண்டாம் என்று விட்டுவிட்டு, ஈரமான சிவப்பு லிட்மஸ் தாளைக் குழாய் வாயில் காட்டச் சொன்னேன். நீலமாகியது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்த கண்ணாடிக் குச்சியைக் காட்டினால் அடர்ந்த வெண்புகை. மூக்கு இல்லாமலேயே இரண்டு சாட்சி கிடைத்துவிட்டது. இப்போதெல்லாம் எல்லா வகுப்புக்கும் இப்படியே செய்கிறேன்.

நைட்ரேட்டுக்கான பழுப்பு வளையச் சோதனையில் நானே கொஞ்சம் விஷமம் செய்வதுண்டு. பெரஸ் சல்பேட் கரைசல் அன்றன்றைக்குப் புதிதாகக் கரைத்ததாக இருக்க வேண்டும். மூடி சரியில்லாத பாட்டிலில் சில நாள் கிடந்தால் பச்சை போய் மஞ்சள் தட்டிவிடும், இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்துவிடும், வளையம் வராது. வேண்டுமென்றே பழைய பாட்டிலை ஒரு மேசையில் வைப்பேன். போன முறை அந்த மேசையில் ஆறு பேர். நாலு நோட்டில் "பழுப்பு வளையம் தோன்றுகிறது" என்று அழகான கையெழுத்து. ஒன்றில் கட்டம் காலி. ஒருத்தி மட்டும் "வளையம் வரவில்லை, கரைசல் மஞ்சளாக இருக்கிறது, பக்கத்து மேசையில் பச்சையாக இருக்கிறது" என்று எழுதிவிட்டு, தப்பு செய்தவள் மாதிரி என்னைப் பார்த்தாள். பக்கத்து மேசை பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்து மறுபடி செய் என்றேன்.